நான்கு டயரும் ஒரு மொட்டைக் கடிதமும்

மலைப்பாதைப் போக்குவரத்து வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. வண்டியும் ஒன்று உண்டு. கட்டடம் சமவெளியில் இருந்தது. வண்டி பெரும்பாலும் மலையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்துகொண்டதில்லை.

வண்டி பழைய ஜீப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வகை. தார்ச்சாலை அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் செம்மண், கல், குறுக்கே ஓர் ஓடை, மறுபடியும் செம்மண். அந்த வழியாக வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டிகளையும் மளிகை மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மேல் முகாமுக்குப் போய் வருவது ஓட்டுநரின் வேலை.

ஓட்டுநருக்குத் தலையில் முடி கிடையாது. மலைத் தூசிக்கு முடி வைத்துக் கட்டுப்படியாகாது என்று மழித்துவிடுவார். அலுவலகத்தில் அவரை மொட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

மேல் முகாமில் ஒரு மருந்தகம் இருந்தது. அதில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் ஓட்டுநரின் மனைவி. வாரம் ஒருமுறை மருந்தோடு மருந்தாக அவரும் போய்ச் சேர்வார்.

மேலே குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கிடந்தன. போன மழைக்காலத்தில் ஜீப் பாதி வழியிலேயே சறுக்கித் திரும்பிவிட்டது. மழை முடியும் வரை மேலே ஏறவில்லை. நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்தே ஒவ்வொரு குடியிருப்பாகப் போய் வந்தாள். ஒரு சரிவில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பிசகியது. அது இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.

இந்த ஆண்டு மழைக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போதே அவள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, டயர் என்ன ஆச்சு?"

"எழுதிக் குடுக்கணும்."

"எப்ப குடுப்பீங்க? வண்டியில மொத்தம் எத்தன மொட்டை தெரியுமா? கீழ நாலு, பின்னால ஸ்டெப்னி ஒண்ணு, ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு."

"நாளைக்கே எழுதிடறேன்."

"இந்த மழைக்கும் நான் நடந்துதான் போகணும்னா முன்னாடியே சொல்லிடுங்க. முழங்கால் கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கணும்."

ஓட்டுநர் மறுநாளே எழுதினார். பொருள் என்ற இடத்தில் 'மொட்டை' என்று எழுதினார். கீழே இப்படி எழுதினார்: 'ஐயா, ஜீப்பின் நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன்கள் அடியோடு தேய்ந்துவிட்டன. ஒன்றில் நூல் தெரிகிறது. மழைக்கு முன் புது டயர் வேண்டும்.' கையெழுத்துப் போட்டார். பெயரையும் பதவியையும் தெளிவாக எழுதினார். தபால் பிரிவில் கொடுத்தார்.

தபால் பிரிவில் பொருளை மட்டும்தான் படிப்பார்கள். முழுக் கடிதத்தையும் படிப்பது மேலதிகாரிகளின் உரிமை. அவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. பொருளில் மொட்டை என்று இருந்தது. இரண்டாவது மாடியில் மொட்டைக் கடிதப் பிரிவு இருந்தது. கடிதம் அங்கே போயிற்று.

*

பெயர் போடாமல் வரும் புகார்க் கடிதங்களை எழுதியது யார் என்று கண்டுபிடிக்கத் தொடங்கப்பட்ட பிரிவு அது. அதற்கு ஒரு விசாரணை அதிகாரி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பீரோ. பீரோ காலி. பெயரை மறைத்துக் கடிதம் எழுதும் அளவுக்கு வாரியத்தின் மேல் யாரும் அக்கறை காட்டியதில்லை. விசாரணை அதிகாரி தினமும் பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் ஓட்டுநரைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"உக்காரு. பயப்படாத. உன்மேல ஒண்ணும் இல்ல. உன் வண்டியப் பத்தி ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கு. எழுதினவனப் புடிக்கணும். நீ உதவணும்."

கடிதத்தை எட்ட வைத்தே காட்டினார்.

"சார், அது என் கடிதம்."

"உனக்கு வந்ததா?"

"நான் எழுதினது சார். கீழ கையெழுத்து இருக்கு பாருங்க."

"பாத்தேன். அதுதான் என்னத் தூங்க விடல. சாதாரணமா மொட்டைக் கடிதம் எழுதறவன் பேரப் போடமாட்டான். இவன் போட்டிருக்கான். அப்ப எவ்வளவு பெரிய கில்லாடியா இருக்கணும்?"

"சார், மொட்டைன்னு எழுதினது டயரப் பத்தி."

விசாரணை அதிகாரி நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். டயரைப் பற்றியது என்று அவருக்கு நம்பத் தோன்றவில்லை.

"சரி. நீதான் எழுதினன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். நிரூபி."

ஓட்டுநருக்கு ஒரு வெள்ளைத் தாள் தரப்பட்டது. அதே கடிதத்தை மறுபடி எழுதினார். அதிகாரி இரண்டையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டார். இடது கையால் எழுதச் சொன்னார். நின்றுகொண்டு எழுதச் சொன்னார். கோபமாக இருக்கும்போது எழுத்து மாறும் என்றார். ஓட்டுநருக்குக் கோபம் வரவில்லை. அதற்காக ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை வராந்தாவில் காக்க வைத்தார்கள். பிறகு எழுதியது ஒத்துப்போயிற்று.

விசாரணை அதிகாரி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன். எழுதினது நீதான்."

"ஆமாங்க சார்."

"இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுலருந்து இதுதான் முதல் வெற்றி. எழுதினவன் யாருன்னு தெரியற வரைக்கும் அந்தக் கடிதத்து மேல யாரும் ஒரு துரும்பக்கூட அசைக்கக் கூடாதுன்னு விதி. இப்ப தெரிஞ்சுபோச்சு. இனி கடிதம் மேல போகும். இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சதுக்குக் காரணம் உன்னோட ஒத்துழைப்பு. வேற எவனாவது இருந்தா ஒரு மழைக்காலமே போயிருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. இனிமே எழுதினா பேர மறைக்காத."

"மறைக்கலையே சார்."

"பழசு போகட்டும்."

*

மேலே போகும் என்று அவர் சொன்ன கடிதம் ஒரு மாடி கீழே போயிற்று. முதல் மாடியில் கணக்கு அதிகாரி இருந்தார். அவர் மேசை மேல் எதுவும் இருக்காது. வருவதைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"புது டயர் தரணும்னா பழைய டயர் சாலையில நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கணும். உன் வண்டி எந்தச் சாலையில ஓடுது?"

"சாலை இல்ல சார். மலை."

"அப்ப சாலையில எவ்வளவு ஓடுச்சு?"

"அடிவாரம் வரைக்கும். கொஞ்சம்தான் சார்."

"அதத்தான் சொல்றேன். சாலையிலயே ஓடாத டயர் எப்படித் தேயும்?"

"கல்லுல தேயுது சார்."

"கல்லுல தேயறதுக்கு விதி இல்ல."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். சொறிய அங்கே ஒன்றுமில்லை. வெளியே ஜன்னலுக்கு அப்பால், மலையின் தலையில் ஒரு மேகத் துண்டு உட்கார்ந்திருந்தது. நேற்று அது இல்லை.

கணக்கு அதிகாரிக்கும் இரக்கம் உண்டு. வேறு கோணத்தில் பார்க்க முயன்றார்.

"டயர்ல எந்தப் பாகம் தரையில படுது?"

"அடிப்பாகம் சார்."

"எவ்வளவு?"

ஓட்டுநர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"அவ்வளவுதானா? மிச்சம்?"

"மேல இருக்கு சார்."

"அப்ப மிச்சம் தேயல. அதப் பயன்படுத்து."

"அது சுத்தும் சார்."

கணக்கு அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"சுத்துமா?"

"வண்டி ஓடும்போது சுத்தும் சார்."

"இத ஏன் கடிதத்துல எழுதல? எவ்வளவு முக்கியமான விஷயம். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓட்டுநர் இணைப்பாக இன்னொரு கடிதம் எழுதினார். 'மேற்படி ஜீப்பின் டயர்கள் சுற்றக்கூடியவை.' அதன் கீழ் கணக்கு அதிகாரி 'சுற்றும் என்பதை ஏற்கிறேன்' என்று எழுதித் தேதி போட்டார். இரண்டும் சேர்ந்து மூன்றாவது மாடிக்கு, இயக்குநரிடம் போயின.

*

இயக்குநருக்குப் பேசப் பிடிக்கும். கேட்பதற்கு ஆள் இருந்தால் எழுந்து நின்று பேசுவார். இல்லாவிட்டால் உட்கார்ந்து பேசுவார். டயர் தேர்வுக் குழுவின் முதல் கூட்டத்தில் ஆள் இருந்தது. எழுந்து நின்றார்.

"நண்பர்களே, டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல. அது வாரியத்தின் கால். நான் இந்தப் பொறுப்புக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒருமுறைகூட மலைக்குப் போனதில்லை. போயிருந்தால் ஏதாவதொரு பாதையின் பக்கம் என் மனம் சாய்ந்திருக்கும். அந்தத் தவறு நேராமல் பார்த்துக்கொண்டேன். எனவே, என்னைப் போல் நடுநிலையோடு டயரைப் பார்க்கக்கூடியவர் இன்னொருவர் இல்லை. அவசரப்பட்டு நல்ல முடிவு எடுப்பதைவிட, நிதானமாக ஒரு முடிவு எடுப்பதே நம் மரபு. சென்ற முறை டயர் வாங்கியபோது மூன்றே கூட்டங்களில் முடித்துவிட்டோம் என்ற கெட்ட பெயர் நமக்கு இருக்கிறது. அது இம்முறை துடைக்கப்படும்."

கைதட்டினார்கள். கதவோரம் நின்ற ஓட்டுநரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்தியதும் நிறுத்தினார்.

குழுவில் நால்வர். இயக்குநர், கணக்கு அதிகாரி, விசாரணை அதிகாரி. நான்காமவர் வெளியிலிருந்து வந்த நிபுணர். உருளும் பொருள்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டும். நடந்தே வந்ததால் அவருக்காகக் கூட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியிருந்தது.

முதல் கூட்டம் முழுவதும் வாங்கப்போகும் டயரின் தகுதிகளை வரையறுப்பதில் போயிற்று. டயர் கறுப்பாக இருக்க வேண்டும். வட்டமாக இருக்க வேண்டும். நடுவில் துளை இருக்க வேண்டும். துளைக்கும் சேர்த்து நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கணக்கு அதிகாரி கேட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில், துளை இல்லாவிட்டால் சக்கரத்தை எங்கே வைப்பது என்று நிபுணர் கேட்டார். அனைவரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

வரையறை டயர் கடைக்குப் போயிற்று. கடைக்காரர் படித்துப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை டயரும் தகுதி பெற்றிருந்தன. நான்கு வகையில் ஒவ்வொன்றை மாதிரிக்கு அனுப்பிவைத்தார். நான்கும் கூட்டறையின் நீள மேசை மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்தன.

ஒன்று சேற்று டயர். ஒவ்வொரு பட்டனும் பிள்ளையின் முஷ்டி அளவு. சேறு தங்காமல் உதிர நடுவே அகல இடைவெளி. இயக்குநர் அதைச் சுற்றி வந்தார். "பாத்தாலே பயம் வருதே. இதுதான் வாரியத்துக்குக் கம்பீரம்."

ஒன்று சாலை டயர். மேலே மெல்லிய கோடு மட்டும். கணக்கு அதிகாரி அதைத் தடவிப் பார்த்தார். "இதுதான் சரி. தேயறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

ஒன்று கல் டயர். பக்கவாட்டு தடித்து இறுகியிருந்தது. விசாரணை அதிகாரி அதை விரலால் தட்டினார். "இது எதையும் வெளிய விடாது. எனக்குப் புடிச்சிருக்கு."

நான்காவது எல்லாத் தரைக்கும் ஆகும் என்று கடைக்காரர் குறித்து அனுப்பியது. நிபுணர் அதன் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எல்லா இடத்துக்கும் ஆகும்னா எந்த இடத்துலயும் நம்ம மேல குத்தம் சொல்ல முடியாது."

ஆளுக்கு ஒரு வாக்கு. டயருக்கு ஒரு வாக்கு.

"ஓட்டுநர் கருத்தையும் கேட்போம்," என்றார் இயக்குநர். "நீ என்னப்பா சொல்ற, மொட்டை?"

நாலில் எது வந்தாலும் சரி, மழைக்கு முன்னால் வந்தால் போதும் என்று சொல்லத்தான் ஓட்டுநர் வாயைத் திறந்தார்.

"ஓட்டுநரின் கருத்து கேட்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் இயக்குநர்.

அடுத்த கூட்டத்திலும் ஆளுக்கு ஒரு வாக்கு. அதற்கடுத்த கூட்டத்திலும். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. டீ வந்தது. உறுப்பினர்கள் குடித்துவிட்டுக் கோப்பையை டயர் மேல் வைத்தார்கள். அவரவர் டயர் மேல்தான். ஒருநாள் கணக்கு அதிகாரியின் கோப்பை தவறிப்போய் கல் டயர் மேல் இருந்தது. விசாரணை அதிகாரி கைக்குட்டையால் அதைப் பிடித்து எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

*

"இங்க மேகம் இறங்கிடுச்சு," என்றாள் நர்ஸ் போனில். "ஜன்னலத் தெறந்தா உள்ளயே வருது. உங்க குழு எங்க இருக்கு?"

"நாலு டயரையும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"டயர் அவங்களப் பாத்து என்ன சொல்லுதாம்?"

ஓட்டுநர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு மாசமா இருக்கா. தலைப்பிரசவம். நாள் கிட்ட வந்துருச்சு. மழை புடிச்சதுன்னா அந்தச் சரிவுலதான் இறங்கணும். போன தடவ நான் விழுந்தேனே, அதே சரிவு."

"நீ நடக்க வேண்டியிருக்காது."

"யார் சொன்னா? குழுவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரிப்பின் கடைசியில் கொஞ்சம் காற்று போயிருந்தது.

அன்று மாலை கூட்டத்தில் ஐந்தாவது முறையாக வாக்கெடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று விழுந்தது. இயக்குநர் அடுத்த கூட்டத்துக்குத் தேதி தேடினார். கதவோரம் நின்ற ஓட்டுநர் தன் குரலைத் தானே கேட்டார்.

"நாலும் நல்லாத்தான் சார் இருக்கு. நாலையுமே மாட்டிப் பாத்துடலாமே?"

நான்கு தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி வாங்கி, மாற்றி மாற்றி, என்று ஓட்டுநர் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

நிபுணர்தான் முதலில் எழுந்தார். "ஒரே வண்டி. ஒரே பாதை. ஒரே ஓட்டுநர். ஒரே நேரம். நாலு டயரும் நாலு சக்கரத்துல. இதவிடச் சரியான ஒப்பீடு அறிவியல்ல இல்ல."

"என் மனதில் இருந்ததும் இதுவே," என்றார் இயக்குநர்.

எந்த டயர் எந்தச் சக்கரத்தில் என்பதற்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஆயிற்று. பதவி வரிசைப்படி என்று முடிவாயிற்று. இயக்குநரின் சேற்று டயருக்கு முன் வலது சக்கரம். கணக்கு அதிகாரியின் சாலை டயருக்கு முன் இடது. விசாரணை பின்னால் வலது. நிபுணர் வெளி ஆள் என்பதால் பின்னால் இடது. ஸ்டெப்னி பழைய மொட்டையே இருக்கட்டும், அதற்கு அனுபவம் உண்டு என்றார்கள்.

இயக்குநர் நிபந்தனைகளைப் படித்தார்.

"சோதனைக்கு உட்பட்ட வண்டி, அறிக்கை ஏற்கப்படும் வரை சோதனை நடக்கும் மலையைவிட்டு நகரக் கூடாது. அறிக்கை ஏற்கப்பட்ட மறுநாளே கீழே இறங்க வேண்டும். நான்கு டயரும் கழற்றப்பட்டு இதே மேசைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகே நாம் கலந்து பேசி ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்."

"அப்ப மழைக்கு என்ன சார் பண்றது?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"மழைக்கு என்ன?" என்றார் இயக்குநர்.

*

டயர் கடைக்காரர் தானே ஜாக்கி போட்டுத் தூக்கி மாட்டினார். மாட்டி முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தார்.

"நாலும் ஒரே சைஸ்ல அனுப்பினேன்ணே. என்னால முடிஞ்ச உதவி அது ஒண்ணுதான். காத்தக் கொஞ்சம் கொறச்சு விட்டிருக்கேன். சேத்துல பரவி நிக்கும்." தயங்கினார். "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? சொன்னா வீட்ல நம்பமாட்டாங்க."

அடிவாரத்தைத் தாண்டும்போது முதல் மழை விழுந்தது.

அதுவரை தார்ச்சாலையில் இயக்குநரின் டயர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. செம்மண் வந்ததும் சத்தம் அடங்கி, வேலை செய்தது. ஓட்டுநர் அதை எதிர்பார்க்கவில்லை. கணக்கு அதிகாரியின் டயர் சேற்றைக் கண்டதும் இருந்த இடத்திலேயே சுற்றியது. சுற்றும் என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டவர் அவர். குறை சொல்ல முடியாது. விசாரணை அதிகாரியின் டயர் ஒவ்வொரு கல்லையும் தடவித் தடவிப் போயிற்று. நிபுணரின் டயர் ஓடைக் கரையில் தயங்கியது. பிறகு மற்ற மூன்றும் போகும் பக்கம் தானும் போயிற்று. வண்டி வழி நெடுக ஒரு பக்கமாக இழுத்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டி மறுபக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டினார். ஒரு குழுவை மலையேற்றுவது சாதாரண வேலை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் ஏறிவிட்டது.

நர்ஸ் குடையோடு வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் நின்றாள்.

"நாலும் நாலு தினுசா இருக்கே. சண்ட போட்டுக்காம வந்துச்சா?"

"வழியெல்லாம் சண்டதான்."

"ஸ்டியரிங்ல இருந்த மொட்டை மட்டும் மாறல," என்று சொல்லி, குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினாள்.

அந்த வாரம் மழை நிற்கவே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு வலி எடுத்தபோது நர்ஸ் பையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அந்தச் சரிவு வந்தது. அவள் முழங்காலை ஒரு கையாலும் கதவை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி வழுக்கியது, யோசித்தது, பிடித்துக்கொண்டது. பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டபோது ஓட்டுநர் வெளியே டயர் இடுக்கில் இருந்த சேற்றைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். யார் டயர் என்று பார்க்கவில்லை.

மறுநாள் இயக்குநர் போன் செய்தார்.

"அறிக்கை எங்கேப்பா? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். மேசையே வெறிச்சோடிக் கிடக்கு. கோப்பை வைக்கக்கூட இடமில்ல."

"இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன் சார்."

போனை வைத்துவிட்டு ஓட்டுநர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். அறிக்கையை ஏற்றுக்கொண்டால் மறுநாளே இறங்க வேண்டும். டயர்கள் மேசைக்குப் போய்விடும். அனுப்பாமல் இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மருந்தக மேசையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். நிதானமாக எழுதினார். மடிக்கப் போகும்போது நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"'பொருள்: மொட்டை. ஐயா, நான்கு டயரும் நல்ல டயர். நான்கும் சுற்றுகின்றன.' அவ்வளவுதானா? மொட்டைன்னு ஏன் போட்டிருக்கீங்க? இப்ப எதுவும் மொட்டை இல்லையே."

"ஸ்டெப்னி இருக்கே."

"சரி. கீழ கையெழுத்தப் போட மறந்துட்டீங்க பாருங்க. பேரும் இல்ல." பேனாவை நீட்டினாள்.

ஓட்டுநர் பேனாவை வாங்கவில்லை.

"மறக்கல," என்றார்.

நர்ஸ் அவரைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். இரண்டாவது மாடிக் கதையை அவர் சொல்லி அவள் வயிறு வலிக்கச் சிரித்தது நினைவுக்கு வந்தது. தாளை மடித்து உறையில் போட்டாள். மழையில் நனையாமல் இருக்க மருந்துக் கவர் ஒன்றைச் சுற்றி, நடந்து இறங்கும் தபால்காரரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சில நாள் கழித்து மருந்தகத்துப் போன் அடித்தது. விசாரணை அதிகாரி. குரலில் இளமை திரும்பியிருந்தது.

"மொட்டை, பெரிய கேஸ் ஒண்ணு வந்திருக்குப்பா. ஒரு மொட்டைக் கடிதம். இந்தத் தடவ கையெழுத்தே இல்ல."

"அப்படிங்களா சார்?"

"எழுத்து உன் எழுத்து மாதிரியே இருக்கு. அதனாலதான் உன்மேல எனக்குச் சந்தேகமே வரல. ஒருதடவ மாட்டினவன் மறுபடியும் அதே எழுத்துல எழுதமாட்டான். எவனோ உன்ன மாட்டிவிடப் பாக்கறான். எழுதினவன் தெரியற வரைக்கும் இயக்குநரே அதத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ வந்து உதவணும்."

"கண்டிப்பா சார். சோதனை முடியற வரைக்கும் வண்டிய மலைய விட்டு இறக்கக் கூடாதுன்னு உத்தரவு. மழையும் நிக்கட்டும். வந்துடறேன்."

"அவசரமில்ல. நிதானமாத் தேடுவோம்."

ஓட்டுநர் போனை வைத்தார். நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அடுத்த குடியிருப்பில் யாருக்கோ காய்ச்சல்.

"யாருங்க?"

"என்னத் தேடறாங்க," என்றார் ஓட்டுநர், சாவியை எடுத்துக்கொண்டு. "நான்தான் கண்டுபுடிச்சுக் குடுக்கணுமாம்."